கேட்டதும் கேட்காததும்

ஆம்பூரில் எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை நான் மறைத்ததில்லை. தோல் கிடங்கிலிருந்து நைனா வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், தெருவுக்கே கேட்கும்படி வேதம் வாசிப்பேன்.

நைனாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் காதில் விழுந்தது எதையும் மறக்கமாட்டார். தமஸ்குவுக்குப் போகும் வழியில் பவுல் ஒளியைக் கண்டு விழுந்து, வானத்திலிருந்து ஆண்டவரின் குரலைக் கேட்ட கதையை ஒரு வாரம் வாசித்தேன். கூடப் போனவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள் என்று இருந்தது. அடுத்த வாரம் பவுலே அதை எடுத்துச் சொல்லும் இடம் வந்தது. கூட இருந்தவர்கள் சத்தத்தைக் கேட்கவில்லை என்று வாசித்தேன்.

"நிறுத்து. போன வாரம் கேட்டாங்கன்னு சொன்ன. இப்ப கேக்கலன்ற."

"ரெண்டும் அப்படித்தான் இருக்குது நைனா."

"வேதம் மாத்திப் பேசுமா? நீதான் தப்பா படிக்கிற."

வேலூரில் உபாத்தியாயினிப் பயிற்சிக்கு என்னை அனுப்புவதாக இருந்த சமயம் அது. நைனா அம்மாவிடம் சொல்லிவிட்டார்: "ஒரே கதைய ரெண்டு தரம் ஒரே மாதிரி படிக்கத் தெரியல. இவ போய் யாருக்கு இன்னா சொல்லித் தருவா? வேணாம்."

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. இரண்டு அதிகாரங்களையும் விரல் வைத்துப் படித்துப் பார்த்தேன். நான் எதையும் மாற்றி வாசிக்கவில்லை.

மறுநாள் மத்தியானம் நைனாவுக்குச் சோறு கொண்டுபோனேன். கிடங்கு வாசலில் முதலாளி சாயபுவும் தரகர் ஒருவரும் உருதுவில் இரைந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டித்தான் உள்ளே போனேன். நைனா சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வேலை இல்லன்னு பேசிக்கிறாங்களா? வரும்போது கேட்டியா?"

"கேக்கல நைனா."

"காது அடைச்சிகிச்சா? பஜார் வரைக்கும் கேக்குதே!"

"சத்தம் கேட்டுச்சு. அவங்க பாஷை எனக்கு எங்க..."

சோற்றுத் தூக்கைக் கீழே வைத்தேன்.

"நைனா, பவுலோட போனவங்களும் இப்படித்தான். சத்தம் கேட்டுச்சு, பேச்சு கேக்கல."

அவர் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். சாயங்காலம் அவராகவே, "அந்தக் கதை மிச்சம் இருக்குதா?" என்றார். பவுல் இன்னொரு தரம் அதைச் சொல்லும் இடத்தை எடுத்தேன். அந்தக் குரல் எபிரெயு பாஷையில் பேசியதாக அங்கே இருந்தது.

"எபிரெயுன்னா, அவங்க ஊரு உருதா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடப் போனவர்களுக்கு அந்தப் பாஷை தெரியுமா, தெரியாதா என்று எங்கும் எழுதவில்லை என்பதையும் சொன்னேன்.

"அது கெடக்கட்டும். நீ படிச்சதுல தப்பில்ல இல்ல?"

"இல்ல நைனா."

அவர் அடுப்பங்கரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "வேலூருக்குப் போறவளுக்குத் துணி வெக்கப் பெட்டி வேணாமா?"