அண்ணன் பக்கம் மாற்றி வாசித்த ஞாயிறு

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று அண்ணன் மகள் சொல்லிவிட்டாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கிற வேலை. பேனா பிடித்துப் பழக்கமில்லை என்றேன். "படிச்சவங்க எழுதினா அப்பாவைப் புனிதராக்கிருவாங்க சித்தப்பா. நீங்க எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் பிறந்தது திருவேங்கடம் பக்கம். மானாவாரிக் காடு. இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டார். குத்துக்கல்வலசையைத் தாண்டி ஒரு செங்கல் சூளை இருந்தது. அப்பா, அம்மா, அண்ணன் மூன்று பேரும் அங்கே கல் அறுத்தார்கள். அண்ணனுக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நான் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று அவர் எட்டாம் வகுப்போடு நின்றார். நான் ஐந்தோடு நின்றுவிட்டேன். அதில் அவருக்கு வருத்தம் உண்டு.

அப்பா சீக்கிரம் காலமானார். அண்ணன் சூளையை விட்டு மரக்கடைக்குப் போனார். தடி அளக்கிற வேலை. கடைசி வரைக்கும் அந்த வேலைதான். கல்யாணம் ஆனது. மதினி வந்தார்கள். ஒரு மகள், ஒரு மகன். மகன் பட்டாளத்தில் இருக்கிறான்.

எங்கள் வேதக் கோயில் சின்னக் கோயில். நாற்பது வீடு. பூசை வைக்கச் சாமியார் மாதத்தில் ஒரு ஞாயிறு வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் செபம் நடத்தி, நற்செய்தி வாசித்து, பிரசங்கம் வைப்பார். இருபத்தாறு வருடம் அந்த உபதேசியார் எங்கள் அண்ணன். சம்பளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டதும் இல்லை.

அவர் பிரசங்கம் தயார் பண்ணுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கு உள்ள வாசகத்தைத் திங்கள்கிழமை காலையிலேயே வாசித்துவிடுவார். பிறகு ஆறு நாளும் பார்க்கிற ஆட்களிடம் எல்லாம் கேள்வி கேட்பார். மரக்கடையில் கேட்பார், டீக்கடையில் கேட்பார். காணாமல் போன ஆட்டைப் பற்றிய வாசகம் ஒரு தடவை வந்தது. ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒருத்தரிடம் போய், "ஒரு ஆட்டைக் காணலைன்னா தொண்ணூத்தொன்பதையும் விட்டுட்டுத் தேடப் போவீரா அண்ணாச்சி?" என்று கேட்டார். அவர், "உமக்குப் பைத்தியமா? அந்தத் தொண்ணூத்தொன்பதையும் நாய் பிடிச்சுட்டுப் போறதுக்கா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் அதையே சொன்னார். "நம்ம ஊர் ஆட்டுக்காரர் போக மாட்டாராம். கேட்டுட்டேன். ஆண்டவர் போவாராம். வித்தியாசம் அவ்வளவுதான்." உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிடத்துக்கு மேல் பேச மாட்டார். கோயில் பக்கத்தில் பீடி சுற்றும் ஞானம்மா அக்கா இருக்கிறார்கள். வாசல் பக்கத்துப் பெஞ்சு அவர்களுடையது. ஒரு நாள் பிரசங்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. "உபதேசியாரே, இன்னைக்கு நீரு பேசின பேச்சுக்கு நான் ஒரு கட்டு சுத்தி முடிச்சிருப்பேன்" என்றார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "அடுத்த வாரம் அரைக்கட்டோட முடிச்சிருதேன்க்கா" என்றார்.

இதில் பாதியை நான் பிற்பாடு கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஏனென்றால் ஐந்து வருடம் நான் அந்தக் கோயில் பக்கம் போகவில்லை. அண்ணனோடு பேசவும் இல்லை. அதையும் எழுதச் சொல்லி மதினி சொன்னார்கள்.

அம்மா இறந்தபோது நான் அச்சன்கோவில் பக்கம் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துக்குள் போன் எடுக்காது. விடியற்காலையில் அம்மா போனது எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது. சாலையோர டீக்கடைக்குப் போன் வந்து, கடைக்காரர் ஆள் அனுப்பினார். போட்டது போட்டபடி கிளம்பினேன். நான் கிளம்பிவிட்டேன் என்று அவர் அண்ணனுக்கும் போனில் சொன்னார். பஸ் மாறி, பஸ் மாறி, ஊர் வந்து சேர மணி ஆறரை. மூன்றரைக்கே அடக்கம் பண்ணிவிட்டார்கள். நான் பார்த்தது புது மண்ணும் ஒரு மாலையும்.

"மழை இருட்டிக்கிட்டு வந்துச்சுலே. சாமியாருக்கு வேற ஊர்ல சோலி இருந்துச்சு" என்றார் அண்ணன். வீட்டுக்குள் போகாமல் அப்படியே திரும்பிவிட்டேன். ரப்பர் வேலையை விட்டேன். குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கக் கற்றுக்கொண்டேன். ஐந்து வருடம். பக்கத்து ஊர்தான்.

பிறகு அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் வழக்கப்படி மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஊரறியச் சொல்லுவது. முதல் ஓலைக்கு முந்தின நாள் அவள் அருவிக்கே வந்துவிட்டாள். நல்ல சாரல். நல்ல கூட்டம். நான் ஒருத்தருக்கு முதுகு தேய்த்துக்கொண்டிருந்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"நாளைக்கு எனக்கு ஓலை. நீங்க வரணும்."

"சீசன் ஞாயித்துக்கிழமை. வேலையை விட்டுட்டு வர முடியாது."

"ஓலைக்கு வராதவரு கல்யாணத்துக்கும் வர மாட்டீங்க. எனக்குத் தெரியும். சித்தப்பா இல்லாம நான் மண்டபம் ஏற மாட்டேன்."

படுத்திருந்த ஆள் தலையைத் தூக்கி, "போயிட்டு வாரும்யா, பிள்ளை கேக்குல்லா" என்றார். அவர் யாரோ, எந்த ஊரோ. அவருக்கும் இந்த இடத்தில் நன்றி.

போனேன். கடைசிப் பெஞ்சில் ஞானம்மா அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நற்செய்திக்கு எல்லாரும் எழுந்தோம். அண்ணன் பொதுக்காலம் பதின்மூன்றாம் ஞாயிறு என்று சொல்லி வாசிக்க ஆரம்பித்தார்.

வாசகம் இதுதான். ஆண்டவர் ஒருத்தனைத் தம் பின்னால் வரச் சொல்லுகிறார். அவன், முதலில் போய் என் அப்பாவை அடக்கம் பண்ணிவிட்டு வருகிறேன் என்கிறான். செத்தவர்களைச் செத்தவர்கள் அடக்கம் பண்ணட்டும், நீ போய் என் வேலையைப் பார் என்கிறார் ஆண்டவர்.

ஐந்து வருடம் கழித்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஊர் முன்னால் இதை வாசிக்கிறார் என்று நினைத்தேன். பெஞ்சை விட்டு வெளியே கால் வைத்தேன். ஞானம்மா அக்கா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்க போறீரு? ஓலை இன்னும் வாசிக்கல. இரும்."

அண்ணன் வாசித்து முடித்தார். எல்லாரும் உட்கார்ந்துவிட்டோம். அவர் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே ஓட்டில் சாரல் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னார். அவர் சொன்னது எனக்கு வரி மாறாமல் ஞாபகம் இருக்கிறது.

"இன்னைக்கு வாசிக்க வேண்டியது இது இல்ல. ஒரு குவளைத் தண்ணி கொடுத்தவனுக்கும் பலன் உண்டுன்னு வாற வாசகம். அதுக்குத்தான் ஒரு வாரமா தயார் பண்ணினேன். பக்கம் மாறிப்போச்சு. பாதியில தெரிஞ்சது. நற்செய்தியைப் பாதியில நிறுத்த முடியாது. வாசிச்சாச்சு, பேசணும். இந்த வாசகத்துக்கும் ஒரு பிரசங்கம் எங்கிட்ட உண்டு. மூணு வருசத்துக்கு ஒரு தடவை அதைச் சொல்லுவேன். இன்னைக்கு வாய் வரல. அம்மையை அடக்கம் பண்ண ஓடி வந்தவன் ஒருத்தன் இங்கன இருக்கான். அவன் வந்துக்கிட்டு இருக்கான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பெட்டியை மூடச் சொன்னேன். சாமியாரை நிக்க வைக்கப் பயந்தேன். மழைன்னு சொன்னேன். அன்னைக்கு மழை பெய்யல. மூணு மணி நேரம். அதை என் தம்பிக்கு நான் கொடுக்கல. ஆண்டவர் யாரை எதுக்குக் கூப்பிட்டாரோ, அது அவர் பாடு. என் தம்பியைத் தடுத்தது ஆண்டவர் இல்ல. நான்."

அவ்வளவுதான் பிரசங்கம். பத்து நிமிடம் இல்லை. மன்றாட்டு சொன்னார். ஓலை வாசித்தார். மகள் பெயரைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நின்றார்.

வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றேன். அண்ணன் வந்தார்.

"வேணும்னே வாசிச்சியா?" என்றேன். ஐந்து வருடத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு.

"இல்லலே. உன் மதினி புத்தகத்தைக் காயப் போட்டா."

நடந்தது இதுதான். கோயில் ஓடு ஒழுகி வாசகப் புத்தகம் நனைந்துவிட்டது. மதினி சனிக்கிழமை அதை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒவ்வொரு பக்கமாக விரித்து, பேன் காற்றில் காய வைத்திருக்கிறார்கள். பிறகு அடையாள நாடாவைத் திரும்ப வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருடத்துக்கு ஒரு சுற்று. மூன்றும் அந்த ஒரே புத்தகத்தில்தான் இருக்கும். மதினிக்கு எழுத்து வராது, எண் மட்டும்தான் தெரியும்.

"பதிமூணுல வைக்கச் சொன்னீக, பதிமூணுல வச்சேன். பதிமூணு மூணு இடத்துல இருக்கும்னு எனக்கு எவன் சொன்னான்?" என்றார்கள் மதினி. அழுதுகொண்டேதான் சொன்னார்கள். ஞானம்மா அக்கா சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரித்தார். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் கழித்து வந்தது.

அன்றைக்கே அண்ணன் என்னைக் கல்லறைக்குக் கூட்டிப் போனார். சாரலில் நனைந்துகொண்டே நின்றோம். அம்மா போன நாளை முதலில் இருந்து சொன்னார். எத்தனை மணிக்கு மூச்சு நின்றது, யார் குளிப்பாட்டினது, என்ன சேலை, பெட்டியின் முன்பக்கம் யார் பிடித்தது, யார் யார் அழுதது. ஒன்றையும் விடவில்லை. நான் கேட்டுக்கொண்டே நின்றேன். கடைசியில், "எல்லாரும் ஒரு பிடி மண் போட்டோம். உனக்கும் சேர்த்து நான் போட்டேன். அது தப்பு. உன் மண்ணை நீதான் போடணும்" என்றார். ஒரு பிடி மண் எடுத்துப் போட்டேன். பிறகு இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம்.

கல்யாணத்தில் பந்தி பார்த்தது நான்.

அதற்குப் பிறகு எட்டு வருடம் அண்ணன் இருந்தார். கடவுள் கொடுத்த எட்டு வருடம். சீசனில் ஞாயிற்றுக்கிழமை என்னால் கோயிலுக்குப் போக முடியாது. அதனால் மத்தியானம் அண்ணன் குற்றாலத்துக்கு வந்துவிடுவார். நின்று நின்று அவருக்கு முட்டி வலி. நான் எண்ணெய் போட்டுத் தேய்ப்பேன். அவர் அன்றைய பிரசங்கத்தை எனக்குச் சொல்லுவார். வரிசையில் நின்ற ஒருத்தர், "யாருங்க இவரு, படுத்துக்கிட்டே பேசுதாரு?" என்று கேட்டார். "காலையில ஊருக்குச் சொன்னதை இப்ப எனக்குச் சொல்லுதாரு. நீங்களும் கேளுங்க, காசு கிடையாது" என்றேன்.

பக்கம் மாறிய அந்த வாசகம், அதன் முறையில் இன்னும் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் அண்ணன், "இதுக்கு நான் ஏற்கெனவே பேசியாச்சு" என்று சொல்லி, தங்கள் ஆட்களை அடக்கம் பண்ண வந்து சேர முடியாமல் போனவர்களுக்காக ஒரு செபம் மட்டும் சொன்னார்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு வந்தது. எந்த அடக்கத்திலும் பெட்டியை மூடுமுன், "இன்னும் யாரும் வரணுமா?" என்று கூட்டத்தைப் பார்த்து மூன்று தடவை கேட்பார். வரவேண்டிய ஆள் இருந்தால் காத்திருப்பார். ஒரு தடவை மதுரையில் இருந்து வரும் ஒரு பேரனுக்காகச் சாயங்காலம் வரை நின்றோம். "உபதேசியாருக்கு வேற சோலி இல்ல" என்று சிலர் முனகினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சில் நீர் கோத்தது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக இரண்டு மாதம். கால் வீங்கும். தினமும் சாயங்காலம் போய்த் தேய்த்துவிட்டேன். கடைசி வாரமும் வாசகத்தைத் திங்கள்கிழமையே வாசிக்கச் சொன்னார். நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். "மெதுவா வாசிலே, ஒரு வாரம் இருக்கு" என்றார். வியாழக்கிழமை போய்விட்டார்.

மகன் எல்லையில் இருந்தான். வர இரண்டு நாள் ஆகும் என்றான். "காத்திருப்போம்" என்றேன். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. சாமியார், "நேரத்தை நீங்க சொல்லுங்க, நான் வாறேன்" என்றார். சனிக்கிழமை காலையில் மகன் வந்து சேர்ந்தான். நானும் அவனும் குளிப்பாட்டினோம். அந்த முட்டிக்குக் கடைசியாக எண்ணெய் வைத்தேன்.

கல்லறையில் பெட்டி மூடவேண்டிய நேரம். அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் பெட்டிக்குள் இருந்தார். மதினி என்னைப் பார்த்தார்கள். நான் கூட்டத்தில் பேசினவன் இல்லை. கேட்டேன்.

"இன்னும் யாரும் வரணுமா?"

மூன்றாவது தடவை கேட்டபோது அண்ணன் மகன் என் தோளைத் தொட்டான். "எல்லாரும் வந்தாச்சு சித்தப்பா" என்றான். மூடினோம்.

இனி நன்றி சொல்ல வேண்டும். இரண்டு நாள் ஐஸ் பெட்டி கொடுத்துவிட்டு, எப்போது திரும்ப வரும் என்று ஒரு தடவை கூடக் கேட்காத கடைக்காரருக்கு. குழி வெட்டிய சூளைத் தம்பிமார்களுக்கு. லீவு கொடுத்து மகனை அனுப்பிய அதிகாரிகளுக்கு. மரக்கடை முதலாளிக்கு. நேரத்தை எங்களிடமே விட்ட சாமியாருக்கு. பந்தலுக்குக் கம்பு கொடுத்த பக்கத்துத் தெரு அம்மன் கோயில் கமிட்டியாருக்கு. என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்த ஞானம்மா அக்காவுக்கு. நாடாவை மாற்றி வைத்த மதினிக்கு. அந்த இரண்டு நாளும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த எல்லா வீட்டுக்கும். தண்ணீர் கொடுத்தவர்களுக்குப் பலன் உண்டு. அண்ணன் அதைப் பற்றித்தான் அன்று பேச இருந்தார்.

தகவல் பிந்திக் கிடைத்து, அடக்கத்துக்கு வந்து சேர முடியாமல் போனவர்கள் இருப்பீர்கள். அண்ணன் சார்பில் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். என்றைக்கு வேண்டுமானாலும் வாருங்கள். கல்லறைக்கு நான் கூட்டிப் போகிறேன். அன்று நடந்ததை முதலில் இருந்து சொல்லுகிறேன். உங்கள் பிடி மண்ணை நான் போடவில்லை. அதை நீங்கள்தான் போட வேண்டும்.