காவடியில் ஏறிய இரும்புப் பந்து

எனக்கு எண்பத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாத்தனார் விட்டுப்போன ஒன்றையும் சேர்த்தால் ஆறு. எழுத்து கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் ரயில் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியும்.

வெள்ளைக்காரன் சண்டை நடந்த காலம். என் வீட்டுக்காரர் திருத்தணி ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். அப்போது ஒற்றைத் தண்டவாளம். எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிட்டால்? அதற்கு ரயில் கம்பெனிக்காரன் ஒரு வழி வைத்திருந்தான். பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன் இரண்டிலும் இரும்பு மிஷின். அதன் வயிற்றிலிருந்து ஒரு பந்து வெளியே வரும். அந்தப் பந்து கையில் இருக்கிற டிரைவர்தான் வண்டியைக் கிளப்பலாம். அது அடுத்த ஊர் மிஷினுக்குள் போய் விழுகிறவரை வேறு பந்து வராது, வேறு வண்டியும் வராது.

"உள்ள விழுந்தது அந்த ஊர் மிஷினுக்கு எப்படிங்க தெரியும்?" என்று சோறு கொண்டுபோகும்போதெல்லாம் கேட்பேன்.

"கம்பி வழியா தெரியும். இன்னா மே, நீயே ஸ்டேஷன் மாஸ்டரா வந்துடேன்" என்பார்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று நான் சோறு கொண்டுபோயிருந்த நேரம், அரக்கோணம் பக்கமிருந்து வந்த மெயில் நிற்காமல் போயிற்று. டிரைவர் பந்து வைத்த பையை வளையத்தோடு வீசினார். வளையத்தை இவர் பிடித்தார். பை கிழிந்து பந்தைக் காணோம். ஏற்கனவே இவர்மேல் ஒரு ரிப்போர்ட் போயிருந்தது. இன்னொன்று போனால் வேலையும் இல்லை, குடியிருக்கிற கம்பெனி வீடும் இல்லை. கள்ளிப் புதரில் தவழ்ந்து தேடினார். முந்தின ஸ்டேஷனில் கிருத்திகை ஸ்பெஷல் வண்டி நிறைய ஜனத்தோடு நின்றுவிட்டது.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மெயில் போன கையோடு, காவடி எடுத்த ஒரு பெரியவர் வேலியோரம் குனிந்து எதையோ எடுத்தாரே! குளத்தங்கரைக்கு ஓடினேன். அங்கே அவர் காவடியில், மயில் இறகுக்கு நடுவே, எங்கள் பந்து. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நூல் சுற்றி. நாலு பேர் கும்பிட்டுக்கொண்டு வேறு இருந்தார்கள்.

"அண்ணா, அது கம்பெனியோடதுங்க."

"ரயிலு போயிடுச்சு, இது என் காலாண்ட வந்து நின்னுச்சு. சாமி இச்சாரும்மா!" அவர் தெலுங்குக்காரர்; சாமி கொடுத்தாராம்.

"இது மிஷினுக்குள்ள போனாத்தான் அடுத்த வண்டி வரும். அதுல எத்தினி காவடி குந்திகினு இருக்குது தெரியுமா?"

அவர் யோசித்தார். "அவங்களுக்கும் இன்னைக்குத்தானே கிருத்திகை" என்றார். ஆனால் தோளில் ஏற்றிய காவடியை மலைக்குப் போகாமல் இறக்க மாட்டாராம், பந்தையும் என் கையில் தரமாட்டாராம், ஸ்டேஷனில்தான் தருவாராம். பம்பைக்காரன் முன்னே அடிக்க, காவடியே ஸ்டேஷனுக்கு வந்தது.

"இன்னாய்யா இது, ஊர்வலம்?" என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுந்துவிட்டார். கூட்டத்தோடு நானும் ஆபீசுக்குள் நுழைந்துவிட்டேன். அதுவரை அந்த வாசற்படியை மிதித்ததில்லை.

பெரியவரே நூலை அவிழ்த்துக் கொடுத்தார். மஞ்சளும் குங்குமமும் அப்பியிருந்ததால் பந்து துவாரத்துக்குள் போகவில்லை. மாஸ்டர் அதைத் துணியால் துடைக்கப் போனார்.

"பிரசாதம் சார், கீழ போடாதீங்க!" என்றார் பெரியவர்.

கம்பெனி கோட்டு போட்ட மனுஷர், விரலால் வழித்து வழித்துத் தம் நெற்றியிலேயே பூசிக்கொண்டார். பிறகு பந்து உள்ளே விழுந்தது. மாஸ்டர் ஒரு கட்டையை அழுத்தினார். எங்கோ இருக்கிற ஊரிலிருந்து பதிலுக்கு மணி அடித்தது. அந்த ஊர் மிஷினுக்குத் தெரிந்துவிட்டது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

வண்டி வந்து கூட்டம் இறங்கியது. மாஸ்டர் ரிப்போர்ட் புத்தகத்தைத் திறந்தார், என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தார். "பை கிழிசல், புதுப் பை வேணும்" என்று மட்டும் எழுதி மூடினார்.

இந்தாடி பேத்தி, இதைக் கொஞ்சம் உரக்கப் படி. மணி அடித்ததைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று கேட்கவேண்டும்.