மாமி கும்பிட்ட ரோமாபுரி அம்மன்

ஊரிலை சண்டை முடிஞ்சு மூண்டாம் வருசம், பாரிஸிலை ஒரு மியூசியத்திலை எனக்குக் காவல் வேலை கிடைச்சுது. ரோமர் இஞ்சை ஆண்ட காலத்து வீட்டுச் சாமான்கள் வைச்சிருக்கிற அறை. அரைக்கிற சட்டி, அகல்விளக்கு, அகப்பை, சாவி, சீப்பு. ராசா மகுடம் எண்டு ஒண்டும் இல்லை. "இதுக்கே பூட்டும் காவலும்? லாச்சப்பல் தமிழ்க் கடையிலை இதைவிட நல்ல அகப்பை வாங்கலாமே" எண்டு என்ரை மனிசி சிரிச்சாள்.

அவள் சிரிக்கட்டும். என்ரை சீவன் முழுக்க அந்த அறையிலைதான் கிடந்தது. தற்காலிக வேலை முடியிற நேரம். இஞ்சை எல்லாரும் சே-டே-இ எண்டு சொல்லுற நிரந்தர வேலையை எனக்குத் தாறதோ இல்லையோ எண்டு எங்கடை செவ், அதுதான் பெரியவர், முடிவெடுக்க இருந்தார். அது இல்லாட்டி பாரிஸுக்குள்ளை, மார்க்ஸ் டோர்மோய் பக்கம் ஒருத்தனும் வீடு வாடகைக்குத் தரமாட்டான். மனிசி வயித்திலை பிள்ளையோடை. நாங்கள் நகருக்கு வெளியிலை எபினேயிலை, மனிசியின்ரை தாய், என்ரை மாமி வீட்டு முன்னறையிலை பாய் விரிச்சுப் படுக்கிறம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மியூசியம் எல்லாருக்கும் இலவசம். சொல்லாமல் கொள்ளாமல் மாமி வந்து நிண்டா. சுத்திப் பார்த்துக்கொண்டு வந்தவ, கிரீடம் வைச்ச ஒரு சின்ன வெண்கலப் பொம்பிளைத் தலைக்கு முன்னாலை நிண்டு சப்பாத்தைக் கழட்டினா.

"தம்பி, இது எந்த அம்மன்?"

"அம்மனும் இல்லை, ஒண்டும் இல்லை. நடவுங்கோ மாமி."

"முழியைப் பாருங்கோ, அம்மனேதான். பாவம், ஒரு பூக்கூட இல்லை."

நான் மறிக்க முந்தி கைப்பையைத் திறந்து, கண்ணாடிப் பெட்டியிலை மூண்டு விரலாலை திருநீறு இழுத்துப்போட்டா. அடுத்து கற்பூரம் வெளியிலை வந்தது. "ஐயோ மாமி! அலாரம் அடிச்சால் என்னை வேலையாலை கலைச்சுப் போடுவாங்கள்!" எண்டு கையைப் பிடிச்சன். பின்னாலை வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி, இஞ்சை இதுதான் முறையாக்கும் எண்டு தாங்களும் சப்பாத்தைக் கழட்டிச்சினம். அந்த நேரம் பார்த்து செவ் உள்ளுக்கை வந்தார்.

அவர் கண்ணாடியைப் பார்த்தார், சப்பாத்துகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ரை மாமி, இதை அம்மன் எண்டு நினைச்சுக் கும்பிட்டிட்டா எண்டன். பிறகு மாமிக்கு ஆறுதலாய் விளங்கப்படுத்தினார், நான் தமிழிலை சொன்னன். இது சாமியில்லை. சந்தையிலை தூக்குத் தராசிலை கொழுவுற நிறைகல். அந்தக் காலத்து யாவாரிமார் அதைத் தலை மாதிரி வார்ப்பிச்சு வைச்சிருந்தவை.

மாமி அசையேல்லை. "நிறைகல்லோ? அப்ப இன்னும் நல்லது. நிறுக்கிறவள் ஓரவஞ்சனை செய்யமாட்டாள்."

அதைப் பிரெஞ்சிலை சொன்னன். "என்ன கேட்டுக் கும்பிட்டவ?" எண்டு செவ் கேட்டார்.

குடும்பத்துக்கு நல்ல சுகம் எண்டு சமாளிப்பம் எண்டு வாயைத் திறக்கிறன். இத்தனை வருசத்திலை போன்ஜூரைத் தாண்டாத மாமி, விரலை என்ரை நெஞ்சுக்கு நேரை நீட்டி, "சே-டே-இ!" எண்டா பாருங்கோ!

பூமி பிளந்து என்னை விழுங்காதோ எண்டு நிண்டன். செவ்வின்ரை முகம் சிவந்துபோச்சு. சிரிப்போ கோவமோ தெரியேல்லை. "கண்ணாடியைத் துடை" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போயிட்டார். துடைச்சன். அந்த வெள்ளைக்காரச் சோடி, கோயிலை இடிக்கிறவனைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு சப்பாத்தைப் போட்டினம்.

வெள்ளிக்கிழமை செவ் கூப்பிட்டு நிரந்தர வேலைக்குக் கையெழுத்து வாங்கினார். நான் எபினேக்குப் பறந்தன். மாமிக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை.

"எனக்குத் தெரியும். உங்கடை நிறைக்குச் சர்க்கரை தாறன் எண்டு அவளுக்கு நேந்தனான்."

"எங்கை, மியூசியத்திலையோ?"

"அங்கை ஆர் விடுவினம்? லாச்சப்பல் பிள்ளையார் கோயிலிலை உங்களைத் தராசிலை இருத்தி நிறுப்பம். அவர் அவளுக்குச் சொல்லிவிடுவார்."

மனிசி என்ரை தொந்தியைப் பார்த்தாள். என்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை இருந்த பிட்டிலை பாதியை அள்ளிச் சட்டிக்கை திருப்பிப் போட்டாள். "நேத்தி முடியுமட்டும் இவ்வளவுதான்."

சொந்தமாய் ஒரு கதவு வரப்போகுது, பிள்ளைக்கு ஒரு மூலை வரப்போகுது எண்ட சந்தோசத்திலை எனக்கு அந்தப் பாதியும் தொண்டையாலை இறங்கேல்லை. தொடாமல் வைச்ச கோப்பையைப் பார்த்து, "மருமோனுக்கு வந்த பக்தியைப் பாரடி" எண்டு மாமி கண் கலங்கினா.