மாமா கொடுக்காமலிருந்த திதி

கல்யாணமாகி வந்த முதல் ஆயுத பூஜைக்கு டிராக்டர், பம்புசெட், தையல் மிஷின் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவள், கூடத்தில் மாட்டியிருந்த தலைவர் படத்துக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டேன். சுதந்திரத்துக்காகப் படை திரட்டி, யுத்தம் முடிகிற சமயத்தில் காணாமல் போனவர். விமானம் விழுந்து இறந்தார் என்பார்கள், சாமியாராக வாழ்ந்தார் என்பார்கள். நான் படித்தவரையில் அவர் போய் வெகுகாலம்.

வயலிலிருந்து வந்த மாமனார் துண்டால் பொட்டைத் துடைத்துவிட்டு, பொரிகடலையைக்கூடத் தொடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

"உசிரோட இருக்கறவங்க படத்துக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா?" என்று மாமியார் அடிக்குரலில் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரத்தநாட்டுப் பக்கம் இப்படியும் ஒரு கிறுக்கா என்று நினைத்தேன்.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. மாமாவின் அப்பா மலேயாவுக்குக் கப்பலேறியபோது மாமா கைக்குழந்தை. அங்கே அவர் அந்தத் தலைவரின் படையில் சேர்ந்துவிட்டார். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், "கடைசியா தலைவர் கூடதான் இருந்தான்" என்று சொன்னதோடு சரி. அன்றிலிருந்து இந்த வீட்டில் இரண்டு பேரையும் சேர்த்தே முடிச்சுப் போட்டுவிட்டார்கள். தலைவர் இருந்தால் அப்பாவும் இருக்கிறார். மாமாவின் அம்மா தாலியோடும் குங்குமத்தோடும்தான் கண்ணை மூடினாராம். ஆடி அமாவாசைக்கு ஊரே ஆற்றுக்குப் போகும், மாமா போகமாட்டார். இருக்கிறவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் பிள்ளையே அப்பனைக் கொன்ற மாதிரி.

தலைவரைப் பற்றிய பழைய கோப்புகளைத் திறக்கிறார்கள் என்று டிவியில் வந்தால் அசையாமல் உட்கார்ந்து பார்ப்பார். "ஒண்ணும் தெரியலையாம்" என்று கிட்டத்தட்ட சந்தோஷமாகவே எழுந்துபோவார்.

போன வருஷம் வரப்பில் வழுக்கி விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் ஆள் ஆளாக இல்லை. கஞ்சி கொடுக்கப் போன என்னிடம் ஒருநாள் கேட்டார்:

"நான் போயிட்டா எங்கப்பாவுக்கு யாரும்மா தண்ணி இறைப்பாங்க?"

எனக்கு வாய் நீளம் என்பது ஊரறிந்தது. அன்று அழுகைதான் வந்தது.

"அவருக்கு நூறு தாண்டி எவ்வளவோ காலமாச்சு மாமா. இத்தனை வருஷமா தாகமா இருப்பாருல்ல. போயி இறைச்சிட்டு வந்துடுவோம், வாங்க."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் ஆடி அமாவாசையன்று எனக்கு முன்னால் வேட்டி கட்டிக்கொண்டு அவர்தான் காரில் உட்கார்ந்திருந்தார்.

திருவையாற்றுப் படித்துறையில் நல்ல கூட்டம். காவிரி நிறைந்து போய்க்கொண்டிருந்தது.

"எந்தத் திதியில போனாருங்க?" என்றார் அய்யர்.

"தெரியாது சாமி."

"திதி தெரியாதவங்களுக்கும் அமாவாசை உண்டு. பேரைச் சொல்லுங்க."

மாமா சொன்னார். அந்தப் பெயரை அவர் வாயால் நான் கேட்டதே அன்றுதான். எள்ளும் தண்ணீரும் அவர் விரல் வழியே இறங்கின. விறைத்துக்கொண்டே இருந்த தோள்கள் தளர்ந்து, நீளமாக ஒரு மூச்சு விட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"உறவில்லாட்டியும் வேண்டியவங்க யாராவது இருந்தா அவங்களுக்கும் இறைக்கலாம்" என்றார் அய்யர்.

நான் மாமாவைப் பார்த்தேன். உள்ளங்கையில் மிச்சமிருந்த எள்ளைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், அதைத் தட்டிலேயே திருப்பிப் போட்டார்.

"வேணாம் சாமி. எங்கப்பா போயிட்டாரு. தலைவரு இருந்தாலும் இருப்பாரு."