முறை சொல்லாதவள்

என் சித்தி ஒருவரை 'அண்ணா' என்று கூப்பிட்டால் அது வாய்வார்த்தை அல்ல. எங்கள் இனத்தில் யாருக்குமே அப்படி இல்லை. இடது காதுக்குப் பின்னால் எங்களுக்கு ஒரு குழி உண்டு. கட்டைவிரல் நுனி பதியும் அளவு இருக்கும். பச்சைக் குழந்தையின் உச்சந்தலையைப் போல மெத்தென்று இருக்கும். குழந்தை பயத்திலோ வலியிலோ அழுதால் அம்மா அதன் உள்ளங்கையை எடுத்து அந்தக் குழியில் வைத்துக்கொண்டு, முறை சொல்லிக் கூப்பிடுவாள். அது அம்மாவுக்குப் போய்விடும். குழந்தை தூங்கிவிடும். அம்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்து நடுங்கிவிட்டு எழுந்து வேலையைப் பார்ப்பாள். இதை நாங்கள் 'வாங்குவது' என்போம். கூப்பிடும் முறை மனதிலிருந்து வர வேண்டும். வராவிட்டால் கை வெறும் கை, காது வெறும் காது.

எங்கள் சூரியன் அவிந்துபோய், பூட்டன் காலத்தில் கப்பல்களில் இந்த உலகத்துக்கு வந்து இறங்கியவர்கள் நாங்கள். இங்கே இருந்த மேட்டுக்காரர்கள் எங்களை 'வந்தேறிகள்' என்றார்கள். எங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவர்களுக்கு முதலில் தெரியவில்லையாம். ஒருநாள் முகாம் வேலியோரம் நின்ற எவனோ ஒருவன், ஒரு தாய் குழந்தையை அமர்த்துவதைப் பார்த்தான். அதோடு எங்கள் பிழைப்பு என்னவென்று முடிவாகிவிட்டது. அவர்களுக்குக் குழி கிடையாது, வாங்க முடியாது. ஆனால் கொடுக்க முடியும் என்று கண்டுபிடித்தார்கள்.

மேட்டுக்கும் எங்கள் கீழ்த்தெருவுக்கும் நடுவில் ஒரு கூடம் கட்டினார்கள். வாசலில் 'ஆறுதல் கூடம்' என்று எழுதியிருக்கும். நாங்கள் அதைக் 'கொட்டுமிடம்' என்போம். உள்ளே நீளமான நடை, இரண்டு பக்கமும் பலகைத் தடுப்புகள். ஒவ்வொரு தடுப்பிலும் அவர்களுக்கு ஒரு நாற்காலி, எங்களுக்கு ஒரு முக்காலி. கையைத் தூக்கும் சிரமம் அவர்களுக்கு இருக்கக் கூடாது என்று முக்காலியைத் தாழ்வாகச் செய்திருந்தார்கள். வெளியே போகும் வழியில் ஒரு தொட்டியும் சோப்பும் இருக்கும். எங்கள் காதைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் போவார்கள்.

சித்தி பாவாடை கட்டும் வயதிலேயே அங்கே சேர்ந்தாள். முதலில் பயிற்சி. "அண்ணா, சொல்லு. இப்படி இல்ல, கூடப் பிறந்தவனைக் கூப்பிடற மாதிரி." மற்றப் பெண்கள் திணறினார்கள். பக்கத்துத் தடுப்பில் வேலை பார்த்தவளை எங்கள் தெருவில் வாயாடி என்போம். அவள் பயிற்சிக்காரனிடமே கேட்டாளாம்: "என் மாமியாரை அத்தைன்னு கூப்பிடவே எனக்கு வாய் வரல. இந்தத் தடியனை அப்பான்னு கூப்பிடணுமா?" சித்திக்கு மட்டும் அந்தச் சொல் உடனே வந்தது. அவளும் என் அம்மாவும் இரண்டே பெண்கள், ஆண்பிள்ளை இல்லாத வீடு. சின்ன வயதில் கதவு நிலைக்கெல்லாம் அண்ணன் என்று பெயர் வைத்து விளையாடியவள் சித்தி. இல்லாத அண்ணனுக்காக உள்ளே சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அந்தச் சொல்லில் வைத்தாள். அதுவே அவளுக்கு வினையாக முடிந்தது. நன்றாக வாங்குகிறாள் என்று அவளைப் பெரிய ஆள் ஒருவருக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவர் காவல் துறைத் தலைமை அதிகாரி.

வாரத்தில் பல நாள் அவர் வருவார். உட்காருவார். சித்தி, "வாங்கண்ணா" என்பாள். அவர் கை அவள் காதுக்குப் பின்னால் போகும். மற்றவர்களைத் துன்புறுத்துகிறவனுக்குள் எதுவும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று சித்தி சொல்வாள். குற்ற உணர்ச்சி, அருவருப்பு, பயம் எல்லாம் எல்லோருக்கும் வருவதுபோல அவருக்கும் வரும். வந்ததும் கொண்டுவந்து கொட்டிவிடுவார். நினைவு மட்டும் அவரிடமே தங்கும், அதில் மறுபடி ஊறுவதையும் வந்து வந்து கொட்டுவார். அடுத்த நாள் கை கூசாமல் அதையே மறுபடி செய்வார். மேட்டின் ஆட்சி முழுவதும் இப்படித்தான் நடந்தது. அவர்கள் செய்தார்கள், நாங்கள் வருந்தினோம்.

வாங்கும்போது படம் எதுவும் தெரியாது, கனம் மட்டும் வரும். ஆனால் அவர் பேசிக்கொண்டே கொடுப்பார், சுவரிடம் பேசுகிறவர் மாதிரி. மேட்டுப் பேச்சு சித்திக்குப் பழகியிருந்தது. ஒருநாள் சொன்னார்: "நேத்து சுரங்கத்துக்காரன் ஒருத்தனை முடிக்க வேண்டியதாப் போச்சு. கால் கொஞ்சம் இழுத்து நடப்பான். கடைசியில என்ன கேட்டான் தெரியுமா? செருப்பைப் போட்டுக்கட்டுமான்னு கேட்டான்."

சித்தப்பாவுக்கு வலது கால் இழுக்கும். சுரங்கத்தில் மரச்சட்டம் விழுந்ததிலிருந்து அப்படி. முந்தின நாள் மாலை வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மா எல்லா வீடுகளிலும் விசாரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றுகொண்டு செருப்பைத் தேடாத நாள் அவருக்குக் கிடையாது. சித்திக்குப் புரிந்துவிட்டது. ஆனால் 'அண்ணா' என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, கை ஏற்கெனவே காதில் இருக்கிறது. வருவது நிற்காது. தன் புருஷனைக் கொன்றவனின் குற்ற உணர்ச்சி முழுவதையும் அந்த முக்காலியில் உட்கார்ந்து அவளே வாங்கினாள். அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வந்து அவள் சொன்ன முதல் வார்த்தை: "அக்கா, நான்தான் அவரைக் கொன்னேன்."

அம்மா அவளை அறைந்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். உடல் கிடைக்கவில்லை. சித்திக்கு அழுகை வரவில்லை. கொன்றவள் எப்படி அழுவாள்? பல மாதம் அப்படியே திரிந்தாள். அம்மா வாங்க வந்தால் கையைக் கொடுக்க மாட்டாள். 'தங்கச்சி புருஷனைக் கொன்ன அண்ணன்' என்று வாயாடி வெளிப்படையாகவே பேசினாள். கொலை நடந்த மறுவாரமே சித்தி மறுபடி அதே முக்காலிக்குப் போனாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். போகாவிட்டால் தெரு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்துவார்கள்.

அந்த வருஷம்தான் நான் கல்லூரியில் சேர்ந்தேன். கீழ்த்தெருவில் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்கினேன் என்ற செய்தி வந்ததும், "யாருகிட்டேருந்து வாங்கின? ரொம்பக் கனமா?" என்று கேட்டவளும் வாயாடிதான். அன்றிலிருந்து என்னைப் பட்டம் என்றே கூப்பிட்டாள். அவள் கேட்டது கிண்டல்தான், ஆனால் பதில் சரியாக இருந்தது. சித்தியின் காதுக்குப் பின்னாலிருந்துதான், அவள் கூடத்துக் கூலியிலிருந்துதான், என் படிப்பு வந்தது. படித்து எனக்குக் கிடைத்த வேலையும் அதே கூடத்தில்தான். எங்கள் பேச்சு புரியாத மேட்டுக்காரர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, தடுப்புகளுக்கு வெளியே நிற்கும் வேலை. உள்ளே உட்கார்ந்திருப்பவளுக்கும் வெளியே நிற்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொரு நாளும் யோசிப்பேன். நின்றால் கால் வலிக்கும், அவ்வளவுதான் என்று தோன்றும்.

கலகம் ஒரு சிரிப்பில் தொடங்கியது. வாயாடியிடம் வருகிற கிழவர் ஒருநாள் தாமதமாக வந்தார். அவளுக்குக் கோபம். வழக்கமான "வாங்கப்பா"வுக்குப் பதிலாக, "வாங்க சார், இப்பத்தான் நேரம் கிடைச்சுதா?" என்றாள். கிழவர் கையை வைத்தார். ஒன்றும் போகவில்லை. கையை எடுத்து உதறினார், மறுபடி வைத்தார், தண்ணீர் வராத குழாயைத் தட்டுகிறவர் மாதிரி அவள் காதைத் தட்டினார். வாயாடி அன்று மாலை குழாயடியில் இதை நடித்துக் காட்டியபோது பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப எல்லாரும் சார்னு கூப்பிட்டா?" என்றாள்.

"அடிப்பாங்க."

"எதுக்கு அடிப்பாங்க? மரியாதை கொடுத்ததுக்கா?"

வாய்க்கு வாய் பரவியது. கூடத்துப் பெண்கள், மேட்டு வீடுகளில் குழந்தை பார்க்கும் ஆயாக்கள், எல்லோரும். குறித்த நாள் காலையில் நடை முழுவதும் ஒரே குரல்: "வாங்க சார். உட்காருங்க சார். கையை வைங்க சார்." மேற்பார்வையாளன் என்னிடம் ஓடிவந்து, "என்ன சொல்றாளுங்க? கெட்ட வார்த்தையா?" என்று கேட்டான். "இல்லை, மரியாதையான வார்த்தை" என்றேன். அவனுக்கு அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் மேட்டு மருத்துவமனை வாசலில் வரிசை நின்றது. கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது, என்ன நோய் என்று கேட்டார்களாம். அவர்கள் யாரும் அதுவரை அழுதது கிடையாது. நீதிபதி ஒருவர் தன் படுக்கைக்கு அடியில் ஒளிந்துகொண்டார் என்று ஆயா ஒருத்தி வந்து சொன்னாள். கீழ்த்தெருவில் அதைக் கேட்டு மகிழ்ந்தோம். அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதிகாரி வந்தார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தார். சித்தியின் எதிரே உட்கார்ந்து, கையை அவள் காதில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார்.

"எனக்குள்ள ஒருத்தன் நடந்துக்கிட்டே இருக்கான். காலை இழுத்து இழுத்து நடக்கிறான்."

"அப்படிங்களா சார்."

"செருப்பைக் கேக்கறான்."

"கொடுத்திருக்கலாமே சார்."

தடுப்புக்கு வெளியிலிருந்து நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அவளையே பார்த்தார். தான் கொன்றது அவள் புருஷனை என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "தங்கச்சி" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதே இல்லை. நான் சித்தியின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். இல்லாத அண்ணனுக்காக ஏங்கியவள் அவள். சித்தி முக்காலியை நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்றாள்.

அவர்கள் முட்டாள்கள் அல்ல. அதற்கடுத்த நாள் குழந்தைகளைக் கொண்டுவந்தார்கள்.

மேட்டுக் குழந்தைகளிடம் பிறந்த நாள் முதல் ஆயாக்கள் வாங்கிவந்தார்கள். பயம் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. இப்போது அது மொத்தமாக வந்திருந்தது. நடை முழுவதும் அலறல். ஒவ்வொரு தடுப்பிலும் ஒரு குழந்தையை விட்டுவிட்டுப் பெரியவர்கள் வெளியே நின்றுகொண்டார்கள்.

எங்கள் பெண்கள் உறுதியாகத்தான் இருந்தார்கள். எவளும் வாங்க நினைக்கவில்லை. ஆனால் அழுகிற குழந்தையிடம் எங்களால் 'அழாதே' என்று மட்டும் சொல்ல முடியாது. வாய் அங்கே நிற்காது. வாயாடியின் குரல்தான் முதலில் கேட்டது: "அழாதம்மா."

அம்மா என்று சொல்லிவிட்டாள். மனதிலிருந்துதான் சொன்னாள். அந்தக் குழந்தையின் கை ஏற்கெனவே அவள் காதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடுத்த தடுப்பில் "இல்லப்பா, இல்லப்பா." அதற்கடுத்ததில் "என்னடா கண்ணு, அத்தை இருக்கேன்." அலறல் ஒவ்வொன்றாக அடங்கியது. அடங்க அடங்க எங்கள் பெண்கள் முக்காலியில் நடுங்கினார்கள். எங்கள் கலகம் ஒரு 'அம்மா'வில் முடிந்தது. குழந்தைகளுக்குப் பின்னாலேயே பெரியவர்களும் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள்.

ஒரு தடுப்பில் மட்டும் அழுகை நிற்கவில்லை. அதிகாரியின் மகள், பால்பல் விழாத வயது. சித்தி தன் மேல்துணியை உருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். குழந்தை அவள் மடியில் ஏறியது, அவள் காதைத் தேடிப் பிடித்தது, குழியில் உள்ளங்கையை வைத்து அழுத்தியது. அதற்கு இடம் தெரியும். சித்தி அதைத் தள்ளவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. குழந்தைக்குக் குரல் கம்மியது, வாந்தி எடுத்தது, வலிப்பு வந்தது. உள்ளே போய் நானே வாங்கியிருக்கலாம். போகவில்லை. அது உறுதியா பயமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. கடைசியில் குழந்தை அவள் காலடியில் சுருண்டு, விழித்த கண்ணோடு அடங்கிவிட்டது. பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குப் பிறகு அது பேசவில்லை என்று ஆயா சொன்னாள்.

தண்டனை கூடத்தின் முற்றத்தில் நடந்தது. கீழ்த்தெரு முழுவதும் வந்து நிற்க வேண்டும் என்பது உத்தரவு. காய்ச்சிய கம்பியால் சித்தியின் குழியை மூடப்போகிறார்கள். தலையைப் பிடித்துக்கொள்ள வாயாடியை அழைத்தார்கள்; முதலில் விட்டுக்கொடுத்தவள் என்பதால் அவளுக்கு அந்தக் கௌரவம்.

வாயாடி வந்தாள். ஒரு கையால் சித்தியின் தலையைப் பிடித்தாள். இன்னொரு கையால் சித்தியின் உள்ளங்கையை எடுத்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "அக்கா" என்றாள்.

கம்பி இறங்கியது. சித்தி கண்ணைத் திறந்துகொண்டு சும்மா இருந்தாள். வாயாடி கத்தினாள். தோல் கருகும் வாசனை சித்தியிடமிருந்து வந்தது, கதறல் வாயாடியிடமிருந்து வந்தது. தவறான ஆளைச் சுட்டுவிட்டோமோ என்று கம்பி பிடித்தவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பிடியை வாயாடி கடைசிவரை விடவில்லை. இப்போது அவளை வாயாடி என்று கூப்பிட யாருக்கும் மனம் வருவதில்லை, அவ்வளவு குறைவாகப் பேசுகிறாள்.

கூடத்தில் ஒரு புதிய பலகை தொங்குகிறது: 'இங்கே யாரையும் சார் என்று அழைக்கக் கூடாது.' மரியாதைக்குத் தடை போட்ட அரசாங்கம் வேறெங்காவது இருக்கிறதா என்று தெரியவில்லை. மீறினால் கம்பி.

சித்தி இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறாள். காய் நறுக்குவாள், அம்மாவோடு சண்டை போடுவாள், துணி மடிப்பாள். இனி அவளால் யாரிடமிருந்தும் எதையும் வாங்க முடியாது. உள்ளே இருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மதியம் நான் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

"கையைக் கொடு சித்தி. நான் வாங்கிக்கிறேன்."

"படிச்ச புள்ள உனக்கு எதுக்குடி இதெல்லாம்?"

"கொடேன்."

மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள். "உன் சித்தப்பாவைக் கொன்ன கனம் இருக்கே, அதை வேணா எடுத்துக்கோ. அது அந்தாளோடது. இறக்கி வெச்சா நானும் அவருக்காக ஒரு தடவை அழுதுக்குவேன்."

"அந்தக் குழந்தையோடது?"

"அதைத் தொடாத. அது யாரும் கொடுத்தது இல்ல. நான் செஞ்சது. என்னோடது."

அவள் கையை என் காதுக்குப் பின்னால் வைத்து, "சித்தி" என்றேன். வந்தது. எனக்குள் ஒருவன் காலை இழுத்து நடந்தான். அவனை நான்தான் கொன்றேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எதிரே சித்தி மடித்த துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை காலத்துக்குப் பிறகு, புருஷனை இழந்தவளாக அழுதாள். "செருப்புகூடப் போடாம போயிட்டியே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

மறுநாள் வேலைக்குப் போனேன். அதிகாரி நடையில் வந்துகொண்டிருந்தார். சித்திக்குப் பதிலாக வேறொரு பெண்ணை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். முகம் தெளிந்து, பொத்தான்கள் சரியாக, நன்றாகத் தூங்கிய மனிதராக இருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். இப்போதெல்லாம் மேட்டுக்காரர்கள் எங்கள் பேச்சைப் பழகிக்கொள்கிறார்கள்.

"என்னம்மா, சித்தி எப்படி இருக்கா?"

எனக்குள் ஒருவன் செருப்பைக் கேட்டான். தடுப்புகளுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்:

"நல்லா இருக்காங்க, சார்."