பிள்ளைகள் வந்தால் விழுகிற பந்து

என் தங்கை ஜெயித்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பள்ளி இறுதித் தேர்வில் இயற்பியலில் தோற்றவள், மறுமுறை எழுதித் தேறினாள். மாப்பிள்ளை தேடக் கிளம்பிய அப்பாவைக் கல்லூரி வாசலுக்குத் திருப்பிவிட்டாள். "இந்தக் கீச்சுக்குரலை வெச்சுக்கிட்டு நாலு பேர் முன்னாடி பேசிடுவியா?" என்று சித்தப்பா சிரித்தார். அறிவியல் அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு கொடுக்கும் ஜன்னலில் இருந்தவள், மாணவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலைக்கு உள்ளே வந்தாள். வீட்டில் அவள் பெயர் இன்றும் கீச்சுதான்.

அந்த வேலை தற்காலிகம். அது பறிபோக இருந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். நான் தையல்காரி. பழுதான காட்சிப்பொருள்களை மூடும் துணி உறைகளைத் தைத்துக் கொடுப்பது நான்தான்.

அன்றைக்கு நான் அளவெடுக்கப் போனது, காற்றில் மிதக்கும் பந்துக்கு. குழாயிலிருந்து காற்று மேலே சீறும். அதன்மேல் பிளாஸ்டிக் பந்து அந்தரத்தில் நிற்க வேண்டும். சில வாரங்களாக நிற்கவில்லை. காலையில் மெக்கானிக் வந்து பார்த்தால் நிற்கும். பள்ளிப் பிள்ளைகள் வந்ததும் சரிந்து விழும். "என் முன்னாடி ஒழுங்காத்தாம்மா நிக்குது. கூட்டத்தைப் பார்த்தா அதுக்குக் கூச்சம்" என்றார் மெக்கானிக். மோட்டாரையும் மாற்றிவிட்டார்.

தங்கையின் கைராசிதான் காரணம் என்று மேலாளர் முடிவுகட்டிவிட்டார். "சாயங்காலம் இதைக் கிடங்குல போட்டுடலாம். நாளைலேருந்து நீ பழையபடி ஜன்னல்ல உட்காரும்மா."

அந்த நேரத்தில் பதினொன்றாம் வகுப்பு ஒன்று உள்ளே வந்தது. பொத்தானை அமுக்குவது, ஓடுவது, அடுத்த பொத்தான். பலகையைப் படிக்க ஒருவரும் நிற்கவில்லை. பழைய உறை போட்டிருந்த பந்து மேடையைச் சுற்றி மட்டும் கும்பல். ஒரு பெண் துணியைத் தூக்கி எட்டிப் பார்த்தாள்.

தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உறையை ஒரே இழுப்பில் உருவி மோட்டாரைப் போட்டாள். பந்து சரிந்து விழுந்தது.

"பந்து ஏன் நிக்கலைன்னு எனக்குத் தெரியாது. கண்டுபிடிங்க."

"விடை எங்க எழுதியிருக்கு, மிஸ்?"

"எங்கயும் இல்ல."

ஆசிரியை பதறினார். "பாடத்துல இருக்கறதைச் சொல்லிடுங்க. பரீட்சை வருது."

யாரும் காதில் வாங்கவில்லை. பந்து கனம் என்றான் ஒருவன். சின்னப் பந்தைப் போட்டார்கள், அது இன்னும் வேகமாக விழுந்தது. காற்று போதவில்லை என்றாள் ஒருத்தி, குழாயில் கை வைத்தவள் "யம்மா!" என்று இழுத்துக்கொண்டாள். ஒட்டடைக்குச்சி என்று எல்லோரும் கூப்பிட்ட நெட்டைப் பையன் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தான்.

"எப்பவும் ஒரே பக்கம்தான் விழுது, மிஸ்."

தங்கை என் பக்கம் திரும்பினாள். "அக்கா, ஒரு முழம் நூல் குடு."

நெட்டைப் பையன் குழாய்க்கு மேலே நூலைப் பிடித்தான். நுனி சுவர்ப்பக்கமாகச் சாய்ந்தது. மோட்டாரை நிறுத்தினார்கள், அப்போதும் சாய்ந்தது. நூல் சாய்ந்த திசைக்கு எதிர்த்திசையில் எல்லாத் தலைகளும் திரும்பின. மூலையில் பெரிய நிற்கும் மின்விசிறி. பிள்ளைகளுக்கு வேர்க்குமே என்று ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் அதைப் போட்டுவிடுவது வேறு யாருமில்லை, என் தங்கைதான். காலையில் மெக்கானிக் வரும்போது அது ஓடாது.

விசிறியை நிறுத்தி மோட்டாரைப் போட்டார்கள். பந்து அந்தரத்தில் நின்றது.

"வேலியே பயிரை மேஞ்சிருக்கு, மிஸ்!" என்றான் ஒட்டடைக்குச்சி. கூடம் அதிரச் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கக் கேட்டது அந்தக் கீச்சுக்குரல்தான்.

சத்தம் கேட்டு மேலாளர் வந்தார். பந்தைப் பார்த்தார். "சரியாயிடுச்சா? யார் பண்ணது?"

"கெட்டுப்போகவே இல்லங்க சார். நான்தான் விசிறியைப் போட்டுக் கெடுத்தேன்" என்றாள் தங்கை, வியர்வையைத் துடைத்தபடி.

மேலாளர் வாய் திறப்பதற்குள் ஆசிரியை முந்திக்கொண்டார். "அடுத்த வாரம் இன்னொரு வகுப்பைக் கூட்டிட்டு வரேன். விசிறி ஓடட்டும், துணியும் அப்படியே கிடக்கட்டும். இவங்களே இருக்கணும்."

"நல்லா ஓடற பொருளுக்கு எதுக்குங்க துணி?"

"என் பிள்ளைங்க ஒரே இடத்துல இவ்வளவு நேரம் நின்னு நான் பார்த்ததில்ல சார்."

மேலாளர் விசிறியைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார். கிடங்குச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஆசிரியை சொன்னபடி அடுத்த வகுப்பு வந்தது. பிறகு வேறு பள்ளிகளும் கேட்டு வந்தன. தற்காலிக ஆட்களுக்கு அலுவலகமே வருகைக் குறி போட்டுவிடும். நிரந்தர ஆட்கள்தான் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்கள். 'காட்சிக்கூடப் பொறுப்பாளர்' என்ற இடத்தில் என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்டது 2019 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை.