பதில் வராத சர்வர்

இதை நம்பச் சொல்லி யாரையும் நான் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. எங்கள் மொந்தெவிதேயோ நகரத்தில், சால்தோ தெருவில், இரண்டாம் மாடி வீட்டில். ஃபபியானா என் எதிர்வீட்டுக்காரி. அன்று அவள் வீட்டு வாசலில் வந்து நின்ற ஆம்புலன்ஸை என் கண்ணாலேயே பார்த்தேன். மற்றதெல்லாம் அவள் சொன்னது. அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

ஃபபியானாவும் அவள் கணவன் மில்டனும் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவர்கள். மில்டன் பல வருடங்களுக்கு முன்னால் ஒரு சின்ன நிரல் எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தான். அதனிடம் ஒரு முகவரியைக் கொடுத்தால், மேப் சர்வரிடம் கேட்டு, அது எந்த இடம் என்று வாங்கிக் கொடுக்கும். மருந்துக்கடைக்காரன், டாக்ஸிக்காரன் என்று யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் நிரலுக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அதில் ஒரு குறை. கேள்வி கேட்டுவிட்டால் பதில் வரும் வரை காத்திருக்கும். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அந்தப் பக்கம் சர்வர் ஊமையாகிவிட்டால், இந்தப் பக்கமும் உறைந்துபோய் உட்கார்ந்திருக்கும். காத்திருப்புக்கு ஒரு கெடு வேண்டும், அதை அவரவர் வசதிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பலர் கேட்டார்கள். மில்டன் சிரிப்பான்.

"பாதி வழியில வந்துக்கிட்டிருக்கிற பதிலை எதுக்கு ஃபாபி அறுத்து விடணும்?"

அவன் சுபாவமே அப்படி. சினிமா வாசலில் அவளுக்காக மழையில் ஒரு மணி நேரம் நிற்பான். வந்ததும் ஒரு வார்த்தை கேட்க மாட்டான்.

மார்ச் மாதம், ஒரு ஞாயிறு மதியம், சாப்பிட்டுப் படுத்தவனுக்கு நெஞ்சு வலித்தது. ஃபபியானா அவர்கள் மாதச் சந்தா கட்டும் ஆம்புலன்ஸ் கம்பெனிக்கு போன் செய்தாள். ஒரு பெண் எடுத்தாள். முகவரி கேட்டாள். பிறகு, "ஸ்க்ரீன் நின்னுடுச்சும்மா, லைன்லயே இருங்க" என்றாள்.

ஃபபியானா லைனிலேயே இருந்தாள்.

ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. மில்டன் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை.

ஜூன் வரை அவள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. திறந்த அன்று, மில்டனின் நிரலுக்கு வந்திருந்த வேண்டுகோள்களை வரிசையாகப் படித்தாள். அதில் ஒன்று ஹெபர் என்பவர் எழுதியது. ஒரு ஆம்புலன்ஸ் கம்பெனியின் கம்ப்யூட்டர் பொறுப்பாளர். பணிவாக எழுதியிருந்தார்.

'மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேப் சர்வர் பதில் சொல்லவில்லை. உங்கள் நிரல் காத்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஸ்க்ரீன் உறைந்துவிட்டது. வண்டி அனுப்பத் தாமதமாகி ஒருவர் இறந்துபோனார். தயவுசெய்து காத்திருப்புக்கு ஒரு கெடு வைக்க வழி செய்யுங்கள்.'

தேதியைப் பார்த்தாள். கம்பெனி பெயரைப் பார்த்தாள்.

நீண்ட நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவன் எழுதியது. அவன் தள்ளிப்போட்டது. அவனுக்கே...

மறுநாள் வேலையைத் தொடங்கினாள்.

வேலை பெரியதில்லை. கேட்கும்போதே 'இத்தனை வினாடி' என்று சொல்ல ஒரு இடம் வைத்தாள். அதற்குள் பதில் வராவிட்டால், 'நேரம் முடிந்தது' என்று சொல்லிவிட்டுக் கையை விட்டுவிட வேண்டும். பூஜ்யம் என்று கொடுத்தால் கெடு கிடையாது, பழைய மாதிரியே காத்திருக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு பொய் சர்வர் எழுதினாள். நாலே வரி. கேள்வியை வாங்கிக்கொள்ளும், வாயைத் திறக்காது. அவள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும். பதில் சொல்ல அதற்குத் தெரியவே தெரியாது.

மாலை நான்கு மணி இருக்கும். வெளியே தூறல். பக்கத்தில் மில்டனின் மேசை, நாற்காலி. இரண்டையும் அவள் இன்னும் நகர்த்தவில்லை. தனக்கு மட்டும் மாத்தே இலைத் தேநீர் போட்டுக் குடித்தபடி, கெடு ஐந்து வினாடி என்று வைத்து, முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ நாலு எழுத்தைத் தட்டி ஓட்டினாள்.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

'நேரம் முடிந்தது' என்று வரவில்லை.

பதில் வந்தது.

'சால்தோ 1127, இரண்டாம் மாடி.'

அவர்கள் வீட்டு முகவரி.

எங்கோ பழைய சோதனையின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். பொய் சர்வரை மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். இணைய இணைப்பையும் பிடுங்கினாள். கெடு மூன்று வினாடி.

கெடு முடியக் கண் இமைக்கும் நேரம்தான் இருந்தது. அதே பதில்.

இரண்டு வினாடி வைத்தாள். இரண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. ஒரு வினாடி வைத்தாள். அதற்குள்ளும் வந்தது. எவ்வளவு குறைத்தாலும் மூச்சிரைக்க ஓடி வந்து கடைசி நொடியில் கதவைப் பிடிக்கிற மாதிரி...

நெஸ்தோருக்கு போன் செய்தாள். அவளும் மில்டனும் அவனும் ஒன்றாக வேலை பார்த்தவர்கள்.

"என் மெஷின்ல ஏதாவது விளையாடுறியா?"

"நான் பஸ்ல நசுங்கிட்டு நிக்கிறேன் ஃபாபி. ஏன், என்னாச்சு?"

"பதிலே சொல்லாத சர்வர் பதில் சொல்லுது."

"அப்ப அது உன்னைவிட நல்ல பொண்ணு. நீ என் போனுக்கே பதில் சொல்றதில்ல." சிரித்தான். அவள் சிரிக்காததைக் கேட்டுக் குரலை மாற்றினான். "சரி, கெடுவையே எடுத்துட்டு ஓட்டிப் பாரு. பழைய மாதிரி. அப்பவும் வருதான்னு பாரு."

"ம்."

"சாப்பிட்டியா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

கெடு: பூஜ்யம். ஓட்டினாள்.

'காத்திருக்கிறது...'

திரையில் அது மட்டும்தான். ஒரு நிமிடம் போனது. ஒன்றும் வரவில்லை. மூன்று நிமிடம். ஒன்றும் இல்லை.

பக்கத்து நாற்காலி ஒரு தரம் கிரீச்சிட்டது. அவன் உட்காரும்போது எழும் சத்தம். எங்கள் ஊர் ஜூன் குளிரில் மரம் முறுக்கிக்கொள்ளும், அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டாள்.

திரும்பிப் பார்க்கவில்லை.

"மில்டன்?"

'காத்திருக்கிறது...'

"நீதானா?"

தூறல் சத்தம்.

அப்புறம் தூரத்தில்... ஒரு சைரன்.

அந்தச் சைரனை அவளுக்குத் தெரியும். மார்ச்சில் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நாற்பது நிமிடம் காதைத் தீட்டிக் காத்திருந்த சத்தம். பக்கத்தில் வந்தது.

தெரு முனை.

வாசல்.

நின்றது.

மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். மருத்துவப் பையோடு ஒரு பெண் டாக்டர். பின்னால் ஸ்ட்ரெச்சரோடு இரண்டு பேர். மூவருக்கும் மூச்சு வாங்கியது.

"யாருக்கும்மா நெஞ்சு வலி?"

"இங்க யாருக்கும் இல்ல. நான் யாரையும் கூப்பிடலையே."

டாக்டர் கையிலிருந்த திரையைப் பார்த்தாள். "சால்தோ 1127, ரெண்டாவது மாடி. இதுதானே?"

"இதுதான்."

"வேற யார் இருக்காங்க வீட்டுல?"

ஃபபியானா, "கூப்பிட்டதும் எவ்வளவு நேரத்துல வந்தீங்க?" என்று கேட்டாள்.

"ஆறு நிமிஷம். ஏம்மா?"

"ஆறு நிமிஷம்," என்றாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஆறு நிமிஷம்தான் ஆகுமா?"

டாக்டர் அவளைத் தூக்கி உள்ளே அழைத்துப் போனாள். வந்தது வந்தோம் என்று சட்டையை விலக்கி ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைப் பதிவு செய்தாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நெஞ்சுல ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கு. தூங்குறீங்களா ராத்திரியில?"

"தூங்குறேன்."

அந்தப் பொய்யை டாக்டர் நம்பவில்லை. இருந்தாலும் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

வண்டி போன பிறகு அறைக்குள் வந்தாள். திரையில் அது இன்னும் இருந்தது.

'காத்திருக்கிறது...'

நிறுத்த ஒரு விசை அழுத்தினால் போதும். விரலைக் கொண்டுபோனாள். எடுத்தாள். மறுபடி கொண்டுபோனாள். அந்தப் பக்கம் யாரோ பாதி வழியில் வந்துகொண்டிருந்தால்? தெரு விளக்கு எரியத் தொடங்கும் வரை அப்படியே இருந்தாள்.

பிறகு அழுத்தினாள். அறுந்தது.

கெடு ஐந்து வினாடி வைத்து மறுபடி ஓட்டினாள்.

'நேரம் முடிந்தது.'

மூன்று வினாடி. 'நேரம் முடிந்தது.' இரண்டு. 'நேரம் முடிந்தது.' இன்னொரு தரம். இன்னொரு தரம். எல்லாச் சோதனையும் எப்படி வர வேண்டுமோ அப்படியே வந்தது. எதுவும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கணவனைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை என்று என்னிடம் சொன்னாள்.

அன்று இரவே புதிய பதிப்பை வெளியிட்டாள். யாரும் கெடு எதுவும் சொல்லாவிட்டால் தானாகவே பத்து வினாடி. ஹெபரின் வேண்டுகோளுக்குக் கீழே, 'செய்தாகிவிட்டது. தாமதத்துக்கு மன்னிக்கவும்' என்று எழுதினாள். வேறெதுவும் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து ஹெபரே போன் செய்தார். புதிய பதிப்பு நன்றாக வேலை செய்கிறது என்று நன்றி சொன்னார். பேச்சுவாக்கில் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை சால்தோ தெருவுக்கு ஒரு வண்டி அனுப்புனீங்க. யார் கூப்பிட்டாங்கன்னு பார்த்துச் சொல்ல முடியுமா?"

"அது உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?"

"என் வீடு. மார்ச்சுலயும் என் வீடுதான்."

ஹெபர் பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். மறுநாள் கூப்பிட்டபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"மேடம், எந்த நம்பர்லேர்ந்து வந்துச்சுன்னு பதிவாகல. பேச்சை ரெக்கார்ட் பண்ணியிருக்கு. ஆனா அதுல எங்க பொண்ணு குரல் மட்டும்தான் கேக்குது. அந்தப் பக்கம் வெறும் சத்தமில்லாத இடைவெளி. மார்ச்சுல உங்க போனை எடுத்தாளே, அதே பொண்ணுதான். அவ சத்தியம் பண்றா, ஒரு ஆள் பேசினாராம். அவசரமே இல்லாம, நிதானமா முகவரி சொன்னாராம்."

"வேற?"

"யாருக்கு சார் நெஞ்சு வலி, உங்களுக்கான்னு கேட்டிருக்கா."

"என்ன சொன்னார்?"

"'எனக்கு இல்லம்மா. என் மனைவிக்கு'ன்னு சொன்னாராம்."